சிமிட்டிய டார்ச்சும் திறந்து பார்த்த இழுப்பறையும்

மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தேன். கையிலிருந்த டார்ச் இரண்டு முறை துடித்து, மூன்றாம் முறை மங்கி, மிகக் குறைந்த வெளிச்சத்துக்குப் போய் நின்றது. பின்மூடியை உள்ளங்கையில் தட்டினேன். மறுபடி பளிச்சென்று எரிந்தது. இன்னொரு தட்டு தட்டியதும் நடுத்தர வெளிச்சத்துக்கு மாறியது. பொத்தானை நான் தொடவே இல்லை.

தினமும் கால்சட்டைப் பையில் கிளிப் மாட்டி வைத்துக்கொள்ளும் டார்ச் அது. நான்கு ஆண்டுகளில் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. மறுநாள் காலையில் வேறு எந்த வேலையையும் எடுக்காமல் அதைப் பிரித்துப் போட்டேன். வேலை அந்த ஒரு டார்ச்சோடு முடியவில்லை. நான்கு நாட்கள் போயின. செய்தவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே கோளாறு வருகிறவருக்கு அரை நாளாவது மிச்சமாகும்.

டார்ச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு 18650 லித்தியம் அயன் செல்லில் இயங்குவது. அந்த எண்ணே செல்லின் அளவுதான்: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். அலுமினிய உடல், பின்மூடியில் கிளிக் சுவிட்ச். அழுத்திக் கிளிக் செய்தால் எரியும். எரியும்போது பாதி அழுத்திவிட்டால் அடுத்த வெளிச்ச அளவுக்குத் தாவும். பாதி அழுத்தும்போது நடப்பது இவ்வளவுதான்: மின்சுற்று ஒரு கணம் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைகிறது. தலைப்பகுதியில் இருக்கும் டிரைவர் (எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு மின்சுற்று) அந்த ஒரு கணத் துண்டிப்பைப் பார்த்து, ‘அடுத்த அளவு கேட்கிறார்’ என்று எடுத்துக்கொள்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். தட்டினால் வெளிச்ச அளவு மாறுகிறது என்றால், எங்கோ ஓரிடத்தில் தொடுபரப்பு விட்டுவிட்டுச் சேர்கிறது. டிரைவர் பழுதாகியிருந்தாலோ எல்.இ.டி. பழுதாகியிருந்தாலோ தட்டுக்கு இவ்வளவு ஒழுங்காகப் பதில் வராது. இன்னொரு தடயமும் இருந்தது. குறைந்த வெளிச்சத்தில் மணிக்கணக்கில் ஆடாமல் எரிந்தது. உச்ச அளவில் மட்டும்தான் துடித்தது.

ஆனாலும் முதலில் செல்லைத்தான் பார்த்தேன். சோதிக்க எளிதானதை முதலில் சோதித்துக் கழித்துவிடுவது என் வழக்கம். மல்டிமீட்டரில் 4.08 வோல்ட் காட்டியது. வேறொரு டார்ச்சில் போட்டேன். உச்ச அளவில் நன்றாக எரிந்தது. அந்த டார்ச்சின் செல்லை இதில் போட்டேன். இது பழையபடியே துடித்தது. செல் குற்றமற்றது.

செல்லைக் கையில் எடுத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நேர்முனைப் பக்கத்து விளிம்பில் மேலுறை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கிழிந்திருந்தது. துடிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் இது அதைவிட ஆபத்தானது. 18650 செல்லின் உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை. நேர்முனைக் குமிழைச் சுற்றியுள்ள தோள்பட்டை வரை அதே எதிர்முனைதான் ஏறி வருகிறது. அங்கே நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு காகித வளையமும்தான். உறை கிழிந்த செல்லைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டால் ஷார்ட் ஆகிவிடும். வெப்பத்தில் சுருங்கும் பி.வி.சி. உறைத் துண்டு கைவசம் இருந்தது. பழைய உறையை நகத்தால் உரித்து, புதிய காகித வளையத்தை வைத்து, உறையைப் போட்டு, முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் சுருங்க வைத்தேன். ஐந்து நிமிட வேலை. நெருப்பைக் காட்டிச் சுருக்காதீர்கள். லித்தியம் செல்லுக்கு அருகில் தீக்குச்சி வரவே கூடாது.

அடுத்து பின்மூடியை விலக்கிவிட்டு எரிய வைத்துப் பார்த்தேன். மூடியைக் கழற்றினால் செல்லின் எதிர்முனையும் உடல் குழாயின் பளபளப்பான வெற்று விளிம்பும் தெரியும். இரண்டையும் தடித்த செம்புக் கம்பித் துண்டு ஒன்றால் இணைத்தால் டார்ச் எரியும். பார்ப்பதற்கு ஷார்ட் செய்வது போலத் தோன்றும், அதனால் பலரும் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். உண்மையில் சுவிட்ச் செய்யும் வேலையைத்தான் கம்பி செய்கிறது, மின்சாரம் எல்.இ.டி. வழியாகத்தான் சுற்றி வருகிறது. கம்பியை அழுத்திப் பிடித்தேன். உச்ச அளவில் ஒரு துடிப்பும் இல்லை. தலைப்பகுதி நலமாக இருக்கிறது, கோளாறு பின்மூடிக்குள்தான்.

பின்மூடியின் ஸ்பிரிங்கிலும் மூடியின் உள்விளிம்பிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்து, சுவிட்சை அழுத்தி மின்தடையைப் பார்த்தேன். 0.9 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டுகிறது, அதைக் கழித்தால் 0.6. மூடியை விரலால் அழுத்தித் திருகினால் 0.5க்கும் 2க்கும் இடையில் ஊசலாடியது.

0.6 ஓம் கேட்பதற்குச் சிறியதாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் அதன் கனம் தெரியும். குறைந்த வெளிச்சத்தில் என் டார்ச் சுமார் 30 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. 0.6 ஓமில் அது 18 மில்லி வோல்ட்டைத்தான் தின்னும், யாருக்கும் தெரியாது. உச்ச அளவில் 2.5 ஆம்பியர் கேட்கிறது. அதே 0.6 ஓம் இப்போது ஒன்றரை வோல்ட்டைத் தின்னும். செல் தரும் நாலே சொச்ச வோல்ட்டில் ஒன்றரை போனால் மிஞ்சுவது எல்.இ.டி.க்குத் தேவையான ஏறக்குறைய 3 வோல்ட்டுக்கும் கீழே. டிரைவர் மூச்சு முட்டி விழுகிறது, பிறகு எழுகிறது, மறுபடி விழுகிறது. நான் படியில் பார்த்த துடிப்பு அதுதான். டார்ச்சின் பின்பக்கம் சற்றுச் சூடாக இருந்ததாக இப்போது நினைவுக்கு வந்தது. தலைப்பகுதி சூடாவது இயல்பு, பின்மூடி சூடானால் அங்கே மின்தடை இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டார்ச்சை ‘ஃபிளாஷ்லைட்’, அதாவது பளிச்சிடும் விளக்கு, என்று அழைக்கிறார்கள். 1899இல் டேவிட் மிசெல் என்பவருக்குக் காப்புரிமை கிடைத்த காலத்து விளக்குகளில் கார்பன் இழை பல்பும் துத்தநாக-கார்பன் செல்லும் இருந்தன. அந்தச் செல்களால் தொடர்ந்து மின்னோட்டம் தர முடியவில்லை. கொஞ்ச நேரம் பளிச்சிட்டு ஓய்வெடுக்கும். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நூற்றாண்டுக்கு மேல் கடந்து, வேறொரு காரணத்தால் என் கையிலும் ஒரு பளிச்சிடும் விளக்கு.

பின்மூடியைப் பிரிப்பதற்கு மூக்குக் குறடு வேண்டும். உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு பித்தளைப் பிடிவளையம் மரையில் ஏறியிருக்கும். அதில் எதிரெதிராக இரண்டு துளைகள். குறட்டின் இரு நுனிகளையும் துளைகளில் வைத்து இடப்பக்கம் திருப்பினால் கழலும். என்னுடையது குறடு படும் முன்பே ஆடியது. கிட்டத்தட்ட அரைச் சுற்று தளர்ந்திருந்தது. சுவிட்ச் தகட்டிலிருந்து உடலுக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் இந்த வளையத்தின் அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் நடையில் குலுங்கிக் குலுங்கிக் கழன்றிருக்கிறது.

வளையத்தின் அடியில் கருப்பு மை போன்ற ஒரு பசை இருந்தது. அது என்னால் வந்தது. மரைகள் மென்மையாகத் திரும்ப வேண்டும் என்று சில மாதங்களுக்கு ஒருமுறை சிலிக்கான் கிரீஸ் தடவுவேன், தாராளமாகத் தடவியிருக்கிறேன். மரையில் தேயும் அலுமினியத் தூள் அந்தக் கிரீஸில் கலந்து, கருத்து, தொடுபரப்புக்குள் புகுந்துவிட்டது. சிலிக்கான் கிரீஸ் மின்சாரம் கடத்தாது. அழுத்தம் சரியாக இருக்கும்வரை உலோகம் கிரீஸை ஒதுக்கிவிட்டு உலோகத்தைத் தொட்டுக்கொள்ளும். வளையம் தளர்ந்ததும் நடுவில் கிரீஸ் நின்றுவிட்டது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் எல்லாவற்றையும் துடைத்தேன். பதினைந்து குச்சிகளாவது கருத்திருக்கும். உடல் குழாயின் வெற்று விளிம்பையும் மூடியின் உள்விளிம்பையும் பென்சில் அழிப்பான் கொண்டு தேய்த்துப் பளபளக்க வைத்தேன். உப்புத்தாள் வேண்டாம். ஸ்பிரிங்குக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். ஒரு தேய்ப்பில் அது போய்விடும், பிறகு அடியிலிருக்கும் உலோகம் மாதத்துக்கு மாதம் கருக்கும். அப்புறம் கிரீஸ்: ஓ-ரிங்குக்கு (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு மெல்லிய படலம், மரைக்கு அதைவிட மெல்லியது, வெற்று விளிம்புக்கு எதுவும் இல்லை. விரலில் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், குவியல் தெரியக் கூடாது.

பிரித்தது பிரித்தாகிவிட்டது, ஸ்பிரிங்குக்கு ஒரு துணைப்பாதையும் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஸ்பிரிங் என்பது மெல்லிய, நீளமான கம்பியைச் சுருட்டியது. அதற்கே சிறிது மின்தடை உண்டு. அதன் நுனியிலிருந்து அடிவரை ஒரு மெல்லிய செம்புக் கம்பியைப் பற்றவைத்தால் மின்னோட்டம் அந்த வழியே போய்விடும். ஸ்பிரிங்குக்கு அழுத்தும் வேலை மட்டும் மிஞ்சும். சிலிக்கான் உறை போட்ட, நூலிழைகளாலான 22 கேஜ் கம்பி இதற்கு ஏற்றது. அது வளைந்து கொடுக்கும்.

முதல் முயற்சி கெட்டது. கம்பியை ஸ்பிரிங்கின் நீளத்துக்குச் சரியாக வெட்டிவிட்டேன். பற்றவைத்து ஆறியபின் அழுத்திப் பார்த்தால் ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. கம்பி வளைய இடமில்லாமல் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்தது. பிரித்தெடுத்து, அரைவட்டமாக வெளியே வளையும் அளவுக்கு நீளம் விட்டு மறுபடி வெட்டினேன். இரண்டாம் முறை ஈயம் கம்பியின் இழைகளுக்குள் வெகுதூரம் ஏறிவிட்டது. அந்தப் பகுதி குச்சி போல விறைத்தது. பற்றவைக்கும் இரும்பின் நுனியை நன்றாகச் சூடாக்கி, இரண்டே வினாடி வைத்து எடுத்தால்தான் ஈயம் ஏறாமல் நிற்கிறது, ஸ்பிரிங்கும் சூட்டில் தன் விசையை இழக்காமல் தப்புகிறது. மூன்றாவது முயற்சி நின்றது. வளையத்தை இறுக்கி, மூடியிட்டு, அளந்தேன். மீட்டர் 0.3க்கும் 0.4க்கும் இடையில் ஆடியது. அதாவது என் மீட்டரால் அளக்க முடியாத அளவுக்கு மின்தடை இறங்கிவிட்டது.

வெளிச்சம் கூடியதா? சன்னல் இல்லாத குளியலறையில் டார்ச்சைத் தரையில் நிற்க வைத்து, கூரையில் அடித்துத் திரும்பும் வெளிச்சத்தைக் கைபேசியின் ஒளி உணரியால் அளப்பேன். கைபேசி எப்போதும் அதே அலமாரியில், அதே இடத்தில் இருக்கும். துல்லியமான லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) கணக்கு இது இல்லை, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிடப் போதும். பழுதுக்கு முன்பு, நன்றாக எரிந்த காலத்தில் குறித்து வைத்திருந்த எண் 68. இப்போது 73. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. நம் கண் வெளிச்சத்தைப் பெருக்கல் கணக்கில் உணர்கிறது. இரு மடங்கு வெளிச்சமாகத் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி வேண்டும். துணைப்பாதையின் பலன் வெளிச்சத்தில் இல்லை; உச்ச அளவில் இருபது நிமிடம் எரிந்தும் பின்மூடி குளிர்ந்திருந்தது என்பதில்தான் எனக்குத் திருப்தி.

இந்தக் கண் கணக்கினால்தான் பெரிய லூமென் எண்களை (லூமென் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) நான் துரத்துவதில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிடும் எண்கள் பெரும்பாலும் 2009இல் வந்த எஃப்.எல்.1 என்ற தர அளவீட்டின்படி வருபவை. அதில் ‘வீச்சு’ என்பது ஒளி 0.25 லக்ஸுக்கு இறங்கும் தூரம். தெளிந்த வானத்து முழுநிலவு வெளிச்சம் அவ்வளவுதான். 200 மீட்டர் என்று போட்டிருந்தால், 200 மீட்டரில் நிலா வெளிச்சம் கிடைக்கும். நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அதில் பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு. நான் வாங்கும்போது எப்போதும் பாதியையே கணக்கில் எடுப்பேன். ‘எரியும் நேரம்’ என்பது, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காக இறங்கும்வரை ஓடும் நேரம். 1,000 லூமென், மூன்று மணி நேரம் என்று அருகருகே அச்சிட்டிருந்தால் மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமென் என்று பொருளில்லை. சிறிய உடலுக்குள் அத்தனை சூட்டைத் தாங்க முடியாமல் சில நிமிடங்களில் டிரைவர் தானாகவே இறக்கிவிடும்.

அன்றாடம் எனக்கு வேண்டியது என்ன என்று ஒரு மாதம் குறித்து வைத்தேன். சாவித் துளை, மேசைக்கடியில் விழுந்த திருகு, மீட்டர் பெட்டி, இரவில் தண்ணீர் எடுக்கப் போவது. எல்லாமே 5 முதல் 50 லூமெனுக்குள் அடங்கிவிட்டன. இரவு விழிப்புக்கு ஒரு லூமெனுக்கும் குறைவானதே போதும். இருளுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். ஒரு பெரிய வெளிச்சம் அதைக் கணத்தில் அழித்துவிடும். டார்ச்சைத் தேர்ந்தெடுக்கும்போது மேல் எண்ணைவிட அதன் மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

சரி, டார்ச்சுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இழுப்பறை. ஒரு பின்மூடியில் இவ்வளவு இருந்தால் மற்றவற்றில் என்ன இருக்கிறதோ என்ற கவலையில் சேகரிப்பு முழுவதையும் வெளியே எடுத்தேன். மொத்தம் பதினான்கு. மூன்றில் பிடிவளையம் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். ஒன்றில் ஓ-ரிங் வெடித்திருந்தது, மாற்றினேன்.

பதினான்காவது அப்பாவின் டார்ச். பித்தளையில் முலாம் பூசிய உடல், இரண்டு பெரிய டி செல், தள்ளு சுவிட்ச். மூடியைத் திருகினேன், திரும்பவில்லை. துணி சுற்றி இறுக்கித் திருகியதும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. செல்லைப் போட்டுவிட்டு மறந்திருந்தேன். எத்தனை ஆண்டுகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கசிவைச் சுத்தம் செய்யும் முன் செல்லின் மேல் எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஆல்கலைன் செல்லில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். அதற்கு வினிகர் போன்ற மென்மையான அமிலம் வேண்டும். பழைய துத்தநாக-கார்பன் செல்லின் கசிவோ அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல். மாற்றிப் போட்டால் பலனில்லை. என்னுடையவை ஆல்கலைன். கையுறையும் கண்ணாடியும் அணிந்து வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், நுரைத்தது. முதல் செல் வந்துவிட்டது. இரண்டாவது குழாயோடு ஒட்டியிருந்தது. துளை போட்டு இழுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே காரமும் அழுத்தமும் இருக்கும் ஒரு செல்லைத் துளைக்க நான் தயாராக இல்லை. வினிகர் விட்டு, மரக்கட்டையில் மெதுவாகத் தட்டி, காத்திருந்து, மீண்டும் விட்டு, இரண்டாம் நாள் மாலையில் நழுவி விழுந்தது. வினிகரை அங்கேயே விட்டுவைத்தால் அது உலோகத்தைத் தின்னத் தொடங்கும். காய்ச்சி வடித்த நீரில் இருமுறை அலசி, ஒரு நாள் முழுக்கக் காய வைத்தேன். சுவிட்சின் பித்தளைப் பட்டை பச்சை பூத்திருந்தது, அழிப்பானுக்கு அடங்கியது.

பல்பு பிழைத்திருந்தது. பி.ஆர்.2 வகை: 2.38 வோல்ட், அரை ஆம்பியர். இதற்குப் பொருந்தும் எல்.இ.டி. பல்புகள் கிடைக்கின்றன, பல மடங்கு வெளிச்சம் தருபவை. நான் மாற்றப்போவதில்லை. இழை பல்பின் ஒளியில் எல்லா நிறமும் இருக்கிறது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறத் திறன் எண் நூறுக்கு அருகில். மலிவான வெள்ளை எல்.இ.டி.யில் அது 70 அளவில் நிற்கும், நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குவதால் சிவப்பு குறைந்துவிடுகிறது. அந்த ஒளியில் பழுப்பு ஒயரையும் சிவப்பு ஒயரையும் ஒருமுறை மாற்றிப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு பையில் வைக்கும் டார்ச்சுக்கு 90க்கு மேற்பட்ட நிறத் திறன்தான் வாங்குகிறேன், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும். அப்பாவின் டார்ச்சில் இப்போது நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்கள் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 2.4, அந்தப் பல்புக்கு ஏறத்தாழ அளவெடுத்தது போல் பொருந்துகிறது. மஞ்சள் வட்டம் சுவரில் விழுந்தபோது நடுவிலிருக்கும் அந்தப் பழைய கருநிழலும் அப்படியே இருந்தது.

இனி ஆல்கலைன் செல் எதுவும் டார்ச்சுக்குள் தங்காது. எடுத்து உறையில் போட்டு, டார்ச்சோடு ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கிறேன். லித்தியம் செல்களை 3.7, 3.8 வோல்ட் அளவில் வைத்து, தேதி எழுதிய ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒரு டார்ச் பைக்குப் போகும், பழையது இழுப்பறைக்குத் திரும்பும்.

மிச்சமிருந்த ஒரு சோதனை: பக்கவாட்டில் மின்னணு சுவிட்ச் உள்ள டார்ச்சுகள் அணைந்திருக்கும்போதும் சிறிது மின்னோட்டம் எடுக்கும். நான்கையும் அளந்தேன். மூன்று 0.02 மில்லி ஆம்பியர் அளவில் இருந்தன. அந்த வேகத்தில் 3,000 மில்லி ஆம்பியர்-மணி செல்லைக் காலி செய்யப் பதினேழு ஆண்டுகள் ஆகும். நான்காவது 0.9 காட்டியது. நூற்று நாற்பது நாட்களுக்குள் செல் வற்றிவிடும். அதற்கு மட்டும் ஏன் அடிக்கடி சார்ஜ் போட வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது. அதன் மரைகளில் ஆக்சைடு பூச்சு இருப்பதால் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே சுற்று துண்டிக்கப்படுகிறது. மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. மூடி இறுகிய நிலையில் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே வெள்ளை மையில் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுபடி தளர்த்தி வைத்திருக்கிறேன். கையில் எடுக்கும்போது, கோடு நேராகும்வரை திருப்பிவிட்டுச் சுவிட்சை அழுத்தினால் எரியும்.